தெரிந்தவர் என்றால் பரவாயில்லையா டீச்சர்?

கடலூர் முதுநகர் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு, பாலியல் தொல்லையிலிருந்து தங்களைக் காத்துக்கொள்வது பற்றிய பாடத்தை முதன்முதலாக எடுத்தபோது சார்ட்டில் ஒரு படம் மாட்டியிருந்தேன். பெரிய மீசை, கையில் சாக்லேட், முன்பின் தெரியாத ஆள். மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு சத்துணவுக்கு ஓடினார்கள். ஒரு சிறுமி மட்டும் நின்றாள். "தெரிஞ்சவங்கன்னா பரவாயில்லையா டீச்சர்?"

நான் மாட்டிய படம்தான் அவளை அப்படிக் கேட்க வைத்தது. 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். அதனால் ஆளைக் காட்டாதீர்கள், செயலைச் சொல்லுங்கள். மாமாவோ வாத்தியாரோ, யார் செய்தாலும் தப்புதான்.

அன்று பையன்களை விளையாட அனுப்பிவிட்டேன். அதே ஆய்வில் பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் 18 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் பொது.

'குட் டச், பேட் டச்' என்று நிறுத்திவிடுவதும் போதாது. தப்பான தொடுதல் எல்லாமே வலிக்கும் என்றில்லை. தொடாமலே போனில் ஆபாசப் படம் காட்டுவதும், உடம்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வதும் குற்றம்தான். அப்புறம், "கத்து, ஓடு" என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். பயத்தில் பெரியவர்களுக்கே உடம்பு உறைந்துபோகும். கத்தாத குழந்தை தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். "கத்த முடியாம போனாலும் உன் தப்பு இல்ல, எத்தனை நாள் கழிச்சு சொன்னாலும் கேட்போம்" என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

இனி நான் செய்த பெரிய தவறு. அந்தச் சிறுமி கேட்டதும் பதறிப்போய் "யாரும்மா, எங்க, எப்போ?" என்று அடுக்கினேன். அவள் தலையைக் குனிந்து, "சும்மாதான் கேட்டேன் டீச்சர்" என்று போய்விட்டாள். மறுபடி வந்து சொல்ல இரண்டு மாதம் ஆனது. அதற்குள் அவள் என்னென்ன பட்டிருப்பாள் என்பது இன்றும் மனதை அறுக்கிறது.

குழந்தை வாயைத் திறந்தால் பக்கத்தில் உட்காருங்கள், குறுக்கே பேசாதீர்கள். "நான் நம்புறேன், சொன்னது நல்லது" என்பது போதும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. அவள் சொன்ன சொல்லிலேயே தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஹெச்.எம். முன்னால் ஒரு தடவை, அம்மா முன்னால் ஒரு தடவை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் குழந்தை மௌனமாகிவிடும். பிறகு "மாத்தி மாத்திச் சொல்றா" என்று அவளையே குறை சொல்வார்கள்.

"பள்ளி பேர் கெட்டுடும், பேசி முடிச்சுக்கலாம்" என்பதற்கு இடமே கொடுக்காதீர்கள். தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை சிறை. ஆதாரம் தேடுவது உங்கள் வேலை இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மீது வழக்கு வராது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் செய்யலாம். குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டியதில்லை. போலீஸே சீருடை இல்லாமல் வீட்டுக்கு வந்து வாக்குமூலம் வாங்கலாம்.

இன்னொன்று, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் இந்தப் பாடத்தை வைக்காதீர்கள். கேட்ட குழந்தைக்கு அடுத்த இரண்டு நாள் சொல்ல ஆள் இருக்காது. நான் இப்போது காலையிலேயே எடுத்துவிட்டு, மதியம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறேன். தட்டோடு திரும்பி வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.