நடிக்க வாய்ப்பு தேடுபவர்களுக்கு: ஹெட்ஷாட் எடுப்பதும் அவ்வப்போது மாற்றுவதும்

ஒரு காலத்தில் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாய்ப்புத் தேடி வந்தவர்கள் போஸ்ட்கார்டு அளவு ஃபோட்டோக்களைப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவார்கள். ஃபோட்டோவின் பின்பக்கம் பெயரும் முகவரியும் இருக்கும். இன்று அதே வேலையை வாட்ஸ்அப் செய்கிறது. ஆனால் எதிர்முனையில் இருக்கும் உதவி இயக்குநர் பார்ப்பது அதே விஷயத்தைத்தான்: இந்த முகம் நம்ம கேரக்டருக்குச் சரிப்பட்டு வருமா? வந்து குவியும் படங்களில் ஒவ்வொன்றுக்கும் அவர் சில நொடிகள்தான் ஒதுக்குவார்.

அதனால் ஹெட்ஷாட்டுக்கு, அதாவது வாய்ப்புக் கேட்டு அனுப்பும் முகப்படத்துக்கு, ஒரே ஒரு விதி. படத்தில் இருக்கும் ஆளே ஆடிஷனுக்கும் வர வேண்டும். அழகாக இருப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். படத்தைப் பார்த்துக் கூப்பிட்டவர் நேரில் பார்த்ததும் 'நீங்கதானா இது?' என்று கேட்டால், உங்கள் நேரமும் வீண், அவர் நேரமும் வீண்.

என்னென்ன படங்கள் வேண்டும்?

அமெரிக்காவில் 8×10 அங்குலத்தில் ஒரு முகப்படமும் பின்னால் இணைத்த விவரத் தாளும்தான் நெடுநாள் வழக்கம். இங்கே ஒரு செட்டாகக் கேட்கிறார்கள். நேர்முகம் சாதாரணமாக ஒன்று, லேசான சிரிப்போடு ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இடுப்பு வரை ஒன்று, தலை முதல் கால் வரை ஒன்று. ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். பெண்களிடம் மேக்கப் இல்லாத படமும், புடவையில் ஒரு படமும் அடிக்கடி கேட்பார்கள். அதையும் சேர்த்தே எடுத்து வையுங்கள்.

கூலிங் கிளாஸ், கையில் கிட்டார், பின்னால் செயற்கைச் செங்கல் சுவர், இதெல்லாம் வேண்டாம். கல்யாண வீட்டு கரிஷ்மா ஆல்பம் போல முப்பது நாற்பது படங்களும் வேண்டாம். நடிகரிடம் முதலில் பார்ப்பது கண்ணை. அதையே கண்ணாடி போட்டு மறைத்துவிட்டு என்ன காட்டப் போகிறீர்கள்?

ஸ்டுடியோவா, செல்ஃபோனா?

முதல் செட்டுக்கு செல்ஃபோனே போதும் என்பது என் கருத்து. சின்ன வேடங்களாவது கிடைத்து, எந்த மாதிரி கேரக்டருக்கு உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு நல்ல ஃபோட்டோகிராஃபரிடம் காசு செலவழியுங்கள். அப்போது அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'எங்க ஸ்டுடியோவில் போர்ட்ஃபோலியோ (படத் தொகுப்பு) எடுத்தால்தான் ஆடிஷன்' என்று யாராவது சொன்னால் அவர் பிழைப்பு ஃபோட்டோ விற்பது, சினிமா எடுப்பது அல்ல. பதிவுக் கட்டணம் கேட்பவரும் அதே ரகம்தான்.

வெளிச்சம்

பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. நேரடி வெயில் விழாத பெரிய ஜன்னல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அறையின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் ஒரு நிறமாகவும் மறுபக்கம் வேறு நிறமாகவும் தெரியும். ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, அதற்குச் சற்றுச் சாய்வாக நில்லுங்கள். மறுபக்கக் கன்னம் இருட்டாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நண்பரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரிய படப்பிடிப்புகளிலேயே தெர்மாகோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை. அட்டையை முகத்துக்கு அருகில் கொண்டுவரக் கொண்டுவர நிழல் கரைவது கண்ணுக்கே தெரியும். முழுக்கக் கரைத்துவிடாதீர்கள், முகத்தின் வடிவம் தெரியக் கொஞ்சம் நிழல் வேண்டும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. எடுத்த படத்தில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழியில் ஜன்னல் ஒரு சின்ன வெள்ளைக் கட்டமாக மின்னினால் கண்ணுக்கு உயிர் வந்துவிட்டது. மின்னாவிட்டால் முகவாயைக் கொஞ்சம் தூக்குங்கள், அல்லது ஜன்னல் பக்கம் இன்னும் திரும்புங்கள்.

வெளியில் எடுப்பதென்றால் காலை 9 மணிக்கு முன், இல்லையென்றால் மாலை வெயில் தணிந்த பிறகு. உச்சி வெயிலில் கண் இரண்டும் குழியாகிவிடும். மரத்தடியும் நம்பக்கூடாத இடம்தான். இலை இடுக்கு வழியே விழும் வெயில் முகமெல்லாம் திட்டுத் திட்டாக விழும். வீட்டு போர்ட்டிகோவின் நிழலில், வெளியே வெளிச்சத்தைப் பார்த்து நின்றால் நன்றாக வரும்.

செல்ஃபோனை எப்படிப் பிடிப்பது?

செல்ஃபி வேண்டாம், வேறொருவர் பின்பக்கக் கேமராவில் எடுக்கட்டும். எடுப்பதற்கு முன் லென்ஸைத் துடைக்கச் சொல்லுங்கள். பாதிப் படங்கள் விரல் எண்ணெய் பட்டே மங்கலாகின்றன.

கிட்டே வந்து எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் தெரியும். அது உங்கள் முகத்தின் குறை அல்ல, தூரத்தின் கோளாறு. ஐந்தாறு அடி தள்ளி நின்று 2எக்ஸ் ஜூம் (இரு மடங்கு பெரிதாக்கம்) வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அந்த வசதி இல்லாத ஃபோன் என்றால் அதே தூரத்தில் எடுத்துவிட்டுப் பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். ஃபோன் உங்கள் கண் உயரத்தில் இருக்கட்டும். பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு சுருட்டை முடியையும் ஜிமிக்கி ஓரத்தையும் கடித்துவிடும், அதனால் அது இல்லாமலும் சில எடுங்கள்.

உடை, முகம், தாடி

ஒற்றை நிறச் சட்டை அல்லது குர்தா. எழுத்து, லோகோ, மெல்லிய கோடு எதுவும் வேண்டாம். நெருக்கமான கோடுகள் திரையில் நெளியும். பளிச்சென்ற வெள்ளைச் சட்டை போட்டால் பல ஃபோன்கள் சட்டைக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்து முகத்தை இருட்டாக்கிவிடும். கறுப்பு நிறத்தவர்களுக்கும் மாநிறக்காரர்களுக்கும் கருநீலம், மெரூன், கரும்பச்சை எல்லாம் எடுப்பாக இருக்கும். போலீஸ் உடையோ டாக்டர் கோட்டோ போட வேண்டாம், அந்தக் கற்பனையை இயக்குநரிடம் விட்டுவிடுங்கள்.

சென்னைப் புழுக்கத்தில் நெற்றியும் மூக்கும் மினுமினுக்கும். ஒவ்வொரு நாலைந்து படத்துக்கும் டிஷ்யூவால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். டால்கம் பவுடரை அப்பினால் படத்தில் சாம்பல் பூத்தது போலத் தெரியும்.

தாடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை. தாடியோடு முழு செட்டையும் எடுங்கள். அப்புறம் தாடியை எடுத்துவிட்டு மீசையோடு கொஞ்சம், கடைசியில் மீசையும் இல்லாமல் கொஞ்சம். ஒரே நாளில் மூன்று கெட்டப் கிடைத்துவிடும். வரிசையை மாற்றிவிட்டால் தாடி வளரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பார்வை

'ஸ்மைல் ப்ளீஸ்' என்றதும் வரும் சிரிப்பு பாஸ்போர்ட் ஆபீஸுக்குக்கூட உதவாது. படம் எடுப்பவரைப் பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள். அல்லது மனதுக்குள் ஒரு சூழ்நிலையை ஓட்டுங்கள்: கடன் வாங்கிய நண்பன் எதிரில் வந்தும் பார்க்காதது போலப் போகிறான். முகத்தில் எதையும் 'செய்ய' வேண்டாம், நினைத்தால் போதும், கண்ணில் வந்துவிடும். பார்ப்பது ஃபோன் திரையை அல்ல, லென்ஸை.

தாராளமாக ஐம்பது அறுபது எடுங்கள். தேர்ந்தெடுக்கும்போது அம்மாவிடம் கேட்காதீர்கள், அவருக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். உங்களோடு சமீபத்தில்தான் பழகிய ஒருவரிடம் கொடுத்து, 'எது அப்படியே என்னை மாதிரி இருக்கிறது?' என்று கேளுங்கள்.

எடிட்டிங்

நேற்று வந்த பருவை எடுக்கலாம். மச்சத்தையும் தழும்பையும் எடுக்கக்கூடாது. நிறத்தை வெளுக்கக்கூடாது, சொல்லாமலே வெளுத்துக் கொடுக்கும் ஸ்டுடியோக்கள் உண்டு. 'நிறத்தைத் தொடாதீங்க' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அனுப்புவது

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவிழக்கும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் படத்தை ஜேபெக் (JPEG) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், ஐஃபோனின் சொந்த வடிவம் எல்லாக் கணினியிலும் திறக்காது. கோப்பின் பெயரில் உங்கள் பெயர், உயரம், எடுத்த மாதம், வருடம் எல்லாம் இருக்கட்டும். அவர் ஃபோனில் ஆயிரம் படங்களுக்கு நடுவே உங்களைத் தேடும்போது அந்தப் பெயர்தான் கைகொடுக்கும். பிரிண்ட் கேட்டால் 8×10 அங்குலத்துக்கு 2400×3000 பிக்சல் இருந்தால் தெளிவாக வரும்.

கூடவே நாலே வரி: பெயர், எந்த வயதுக்குப் பொருந்துவீர்கள், உயரம், சரளமாகப் பேசும் மொழிகள். தெரியாத மொழியைச் சேர்க்காதீர்கள். ஆதார் நகல், வீட்டு முகவரி எதுவும் இந்தக் கட்டத்தில் யாருக்கும் தேவையில்லை. 'இன்னும் கொஞ்சம் கிளாமரா வேணும், தனியா அனுப்புங்க' என்று நச்சரிக்கும் எண்ணை பிளாக் செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

எப்போது மாற்றுவது?

பெரியவர்கள் வருடம் ஒரு முறை மாற்றினால் நல்லது. நடுவில் முடியை வெட்டினாலோ, தலை நரைக்க விட்டாலோ, பார்த்தால் தெரியும் அளவுக்கு எடை ஏறினாலோ இறங்கினாலோ உடனே மாற்ற வேண்டும். எடையைக் குறைத்த பிறகு எடுக்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். இன்றைய உடம்புக்கும் கேரக்டர் உண்டு. குழந்தை நட்சத்திரம் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. முன்பல் விழுந்தால் அன்றைக்கே ஒரு படம் எடுங்கள், பல் இல்லாத சிரிப்புக்கென்றே காட்சி எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

மாற்றுவதைச் சுலபமாக்க கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் வைத்து, லிங்க் இருக்கும் யாரும் பார்க்கலாம் என்று அமைத்து, அந்த லிங்கையே எல்லோருக்கும் கொடுங்கள். புதுப் படம் வந்ததும் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றினால் போதும், பழைய லிங்க் வைத்திருப்பவருக்கும் புதுமுகம்தான் தெரியும். இன்ஸ்டாகிராம் புரொஃபைல் படத்தையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே படம் வாங்கியவர்களுக்கு 'வணக்கம் சார், முடி வெட்டியிருக்கிறேன், புதுப் படங்கள் இதில் இருக்கின்றன' என்று ஒரே ஒரு செய்தி போதும். தினமும் குட்மார்னிங் வேண்டாம்.

பழைய படங்களை அழித்துவிடாதீர்கள். 'பழைய கெட்டப்' என்று தனி ஃபோல்டரில், தேதியோடு வையுங்கள். நீளமான முடியில் எப்படி இருப்பீர்கள் என்று யாராவது கேட்டால் அதிலிருந்து எடுத்து அனுப்பலாம், இது எப்போது எடுத்தது என்ற குறிப்போடு.