புது பிரேக் பேட்: எதை வாங்குவது, எப்படிச் செட் ஆக்குவது

வீலோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பதுதான் பிரேக் பேட். புது பேடைப் போட்டு வீலை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அங்கே பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. விலை கூடிய பேடாகப் பார்த்து வாங்கி, முதல் நாளே நெரிசலில் மிதித்து மிதித்து ஓட்டிவிட்டு, கொஞ்ச நாளில் ஸ்டீயரிங் உதறுகிறது என்று டிஸ்க்கையும் சேர்த்து மாற்றுகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். சாதாரண பேடையே டிஸ்க்கோடு படிப்படியாகப் பழக்கி ஒழுங்காகச் செட் ஆக்கி ஓட்டினால் அதைவிட நன்றாகப் பிடிக்கும், அதிக நாள் உழைக்கும்.

முதலில் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று பாருங்கள். புது பேடில் உராயும் பகுதி மட்டும் சுமார் 10 முதல் 12 மி.மீ. இருக்கும், அது 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். வீல் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தால் வெளிப்பக்க பேடுதான் தெரியும். ஆனால் பல கார்களில் பேடைத் தள்ளுகிற பிஸ்டன் பக்கம் இருக்கிற உள் பேடுதான் சீக்கிரம் தேயும், அதனால் வீலைக் கழற்றி இரண்டையும் பார்க்க வேண்டும். பேடில் ஒட்டியிருக்கும் மெல்லிய தகடு டிஸ்க்கில் உரசி 'கீச்' என்று கத்துவது எச்சரிக்கை. 'கரகர' என்று அரைக்கும் சத்தம் வந்தால் எச்சரிக்கைக் கட்டம் தாண்டிவிட்டது, இரும்பும் இரும்பும் தேய்கின்றன, இனி டிஸ்க்குக்கும் செலவு வரும்.

சரி, எதை வாங்குவது? கடையில் பிராண்டைப் பற்றித்தான் பேசுவார்கள், நீங்கள் சூட்டைப் பற்றி யோசியுங்கள். பிரேக் என்பது வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றுகிற பொருள், நீங்கள் ஓட்டுகிற விதத்தில் எவ்வளவு சூடு வரும் என்பதுதான் எந்த பேட் என்று முடிவு செய்கிறது. ஆர்கானிக் வகை ரெசின் என்கிற பிசினில் நாரும் ரப்பரும் மற்றதும் கலந்து அழுத்தியது. சத்தம் குறைவு, டிஸ்க்கை அதிகம் தின்னாது, காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே நன்றாகப் பிடிக்கும். ஆனால் சீக்கிரம் தேயும், நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் பிடிப்பு தளரும். செமி மெட்டாலிக்கில் இரும்பு நாரும் தூளும் இருப்பதால் சூடு தாங்கும், மலைப்பாதை, கனமான சுமை, டிரெய்லர் என்று ஓட்டுகிறவர்களுக்கு இதுதான் சரி. கருப்புத் தூசியும் கொஞ்சம் சத்தமும் டிஸ்க் தேய்மானமும் கூடவே வரும். செராமிக்கில் தூசி குறைவு, அமைதியாகவும் இருக்கும், விலை கூடுதல். தினமும் ஊருக்குள்ளேயும் நெடுஞ்சாலையிலும் ஓட்டுகிறவர்களுக்கு வண்டியோடு வந்த வகையையே மறுபடி போடுவது எப்போதும் பாதுகாப்பான தேர்வு. ரேஸுக்கான பேடைச் சாலை காரில் போடவே போடாதீர்கள், அது சூடானால்தான் பிடிக்கும், குளிர்ந்த நிலையில் முதல் மிதியிலேயே உங்களைக் கைவிடும்.

பேடின் ஓரத்தில் நீளமாக ஒரு குறியீடு அச்சடித்திருப்பார்கள், அதன் கடைசியில் பெரும்பாலும் எஃப்எஃப், ஜிஎஃப் மாதிரி இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதற்கு, இரண்டாவது அதிகச் சூட்டுக்கு. ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. ஆக எஃப்ஈ என்று இருந்தால் சூடு ஏற ஏறப் பிடிப்பு குறைகிற பேட் என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் இது ஆய்வகத்தில் சின்னத் துண்டை வைத்துச் செய்கிற சோதனை, தேய்மானத்தையும் சத்தத்தையும் பற்றி ஒன்றும் சொல்லாது. அதைவிட நான் மதிப்பது ஐரோப்பிய விதியான ஆர்90 முத்திரையைத்தான்: வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் 90ஆர் என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். அந்தக் காருக்கான மாற்று பேட் அசல் பேடின் செயல்திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அந்த விதி. பெட்டியில் மட்டும் அச்சிட்டுவிட்டு பேடில் எந்தக் குறியும் இல்லாத சரக்கை வாங்காதீர்கள்.

முன் இரண்டு, அல்லது பின் இரண்டு என்று ஒரு அச்சில் இருக்கும் இரண்டு வீலுக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டிஸ்க்கைக் கவனிக்காமல் புது பேட் போடுவதில் பயனில்லை. குறைந்தபட்ச கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். சாதாரண வெர்னியரால் அளந்தால் தேயாத வெளி விளிம்பில் அது உட்கார்ந்து பொய்க் கணக்குக் காட்டும், மைக்ரோமீட்டரால் பேட் ஓடும் இடத்தில் அளக்க வேண்டும். கனம் போதுமானதாக இருந்து, ஆனால் பேடின் வகை மாறுகிறது என்றால், பழைய பேட் டிஸ்க்கில் விட்டுப்போன படலத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து எடுங்கள். புது டிஸ்க் என்றால் துரு பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயை பிரேக் கிளீனரால் முழுசாகக் கழுவுங்கள்.

மாட்டுகிற வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். பேடையும் பிஸ்டனையும் தாங்கும் காலிப்பரை அதன் ரப்பர் குழாயான ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கவும் வாய்ப்பு உண்டு. பேட் உட்காரும் இடத்தைத் துருப் போக வயர் பிரஷ்ஷால் தேய்த்து, காலிப்பர் நகர்வதற்கான கைடு பின்களை விரலால் தள்ளினாலே வழுக்கி ஓடுகிற மாதிரி சிலிக்கான் கிரீஸ் போடுங்கள், சாதாரண பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பாவில் பிரேக் ஆயில் மேலேறும், முன்பே யாராவது நிரப்பி வைத்திருந்தால் பொங்கி வழிந்து பெயின்ட்டைக் கெடுக்கும். பின் வீலில் சில பிஸ்டன்களைத் திருகித்தான் உள்ளே தள்ள முடியும், எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள காரில் பேட் மாற்றுவதற்கான சர்வீஸ் மோடில் போட்ட பிறகுதான் தொட வேண்டும். எல்லாம் முடிந்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் பெடல் கெட்டியாகும் வரை மிதித்து மிதித்துவிடுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

இப்போது முக்கியமான கட்டம், பேடைச் செட் ஆக்குவது. பேட் டிஸ்க்கை உரசிப் பிடிப்பது ஒரு பாதிதான். டிஸ்க்கில் பேடின் பொருள் மெல்லிய படலமாகப் படிந்து, பேடும் அந்தப் படலமும் ஒன்றையொன்று பற்றுவது மறுபாதி. இந்தப் படலம் டிஸ்க் முழுக்க ஒரே சீராகப் படிய வேண்டும், அதற்குச் சூடு படிப்படியாக ஏற வேண்டும். புது பேடில் இருக்கும் ரெசின் முதல் சூட்டில் கொஞ்சம் வாயுவாக வெளியேறும், அதை ஒரே மூச்சில் கொதிக்க விட்டால் பிடிப்பு சட்டென்று தளரும், பேடின் முகமும் கண்ணாடி மாதிரி பளபளத்து இறுகிவிடும்.

பெட்டியோடு தயாரிப்பாளர் தந்த முறை இருந்தால் அதையே செய்யுங்கள். இல்லாவிட்டால் சாலை பேடுகளுக்கு இந்த முறை பொருந்தும். பின்னால் வண்டி வராத நீளமான காலிச் சாலையாகப் பாருங்கள். 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமான அழுத்தத்தில் குறையுங்கள், முழுசாக நிறுத்தாதீர்கள், மறுபடி வேகம் எடுத்து அரை நிமிடம் காற்று பட ஓட்டிவிட்டு அடுத்த மிதி. இப்படி ஒரு பத்து முறை. அப்புறம் 80-லிருந்து 20 வரை இன்னும் கொஞ்சம் அழுத்தி ஐந்து முறை, ஆனால் ஏபிஎஸ் துடிக்கிற அளவுக்குப் போக வேண்டாம். முதல் சில மிதிகளில் பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும், போகப் போகப் பெடல் உறுதியாவது காலுக்கே தெரியும். லேசான கருகல் வாசனை வரலாம், புகை வந்தால் பிரேக்கைத் தொடாமல் ஓட்டிக்கொண்டே இருங்கள். கடைசியில் ஒரு பத்து நிமிடம் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். மின்சாரக் காராக இருந்தால் மோட்டாரை வைத்தே வேகத்தைக் குறைக்கிற ரீஜெனைக் குறைந்த அளவில் வைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடும், பேடுக்கு வேலையே இருக்காது.

சூடான பிரேக்கோடு நின்று பெடலை அமுக்கிக்கொண்டே இருப்பதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. அப்போது பேடின் அச்சு டிஸ்க்கில் ஒரே இடத்தில் தடிப்பாகப் படியும். உதறல் வந்தால் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள், பெரும்பாலும் வளைவு இல்லை, இந்தத் திட்டுதான் காரணம். திட்டு இருக்கும் இடம் ஒவ்வொரு மிதியிலும் அதிகம் சூடாகி, அங்கே இருக்கும் வார்ப்பிரும்பு சிமென்டைட் என்கிற கடினமான பொருளாக மாறத் தொடங்கும், அதன் பிறகு உதறல் கூடிக்கொண்டேதான் போகும். தொடக்கத்திலேயே கவனித்தால் மேலே சொன்ன முறையை மறுபடி செய்து திட்டைத் தேய்த்துவிடலாம். தள்ளிப்போட்டால் டிஸ்க்கை லேத்தில் கடைய வேண்டும், இல்லாவிட்டால் மாற்ற வேண்டும். அதனால் நல்ல சூட்டில் சிக்னலில் நிற்க நேர்ந்தால் முன்னால் கொஞ்சம் இடம் விட்டு நின்று, இடையிடையே மெதுவாக உருட்டுங்கள். வீடு சேர்ந்ததும் உடனே ஹேண்ட் பிரேக் இழுக்க வேண்டாம், சமதரையில் கியரில் விட்டு வீலுக்குக் கட்டை வைத்தால் போதும்.

ஆறிய பிறகு டிஸ்க்கை உற்றுப் பாருங்கள். பேட் ஓடும் பட்டை முழுக்க ஒரே மாதிரி மங்கிய சாம்பல் நிறம், சில பேடுகளில் லேசான நீலம் கலந்து இருந்தால் நன்றாகச் செட் ஆகியிருக்கிறது. நடுவில் வெள்ளி மாதிரி பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் பேட் அங்கே உட்காரவில்லை, கைடு பின்னைப் பாருங்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து ஒவ்வொரு ரிம்முக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள், டிஸ்க்கைத் தொடாதீர்கள். ஒரு வீல் மட்டும் அனல் அடித்தால் அந்தக் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது, அதை எடுக்காமல் ஓட்ட வேண்டாம்.

முதல் 300 கி.மீ. வரை முன் வண்டிக்கு வழக்கத்தைவிட இடைவெளி விட்டு ஓட்டுங்கள். அவசரம் வந்தால் பேடைப் பற்றி யோசிக்காமல் முழுசாக மிதித்துவிடுங்கள், உயிரைவிடப் பேட் முக்கியமில்லை. 100 கி.மீ. ஓடுவதற்குள் வீல் நட்டுகளை, இறுக்கத்தின் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி ஒரு முறை சரிபாருங்கள்.