ஒளிர்வதெல்லாம் கதிரியக்கமா? ஆட்டுனைட் கல் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டுனைட்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால், பாறைமேல் சின்னச் சின்ன சதுரத் தகடுகள் ஒட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும். எலுமிச்சை மஞ்சளில் கொஞ்சம் பச்சை கலந்த நிறம். அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைக் காட்டினால் அதே தகடுகள் மஞ்சள் பச்சையாகப் பளீரென்று ஒளிரும். கால்சியம், யுரேனியம், பாஸ்பேட், தண்ணீர் எல்லாம் சேர்ந்த கனிமம் இது. எடையில் கிட்டத்தட்டப் பாதி யுரேனியம்தான். ஆக ஒளிரவும் செய்கிறது, கதிரியக்கமும் இருக்கிறது. இரண்டும் ஒரே கல்லில் குடியிருப்பதால், ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நினைத்துவிடுகிறோம்.

இப்படி நினைத்தவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த ஹென்றி பெக்கரலே இந்தத் தவறிலிருந்துதான் தொடங்கினார். வெயில் பட்டு ஒளிரும் யுரேனிய உப்பு, அந்த ஒளிர்வோடு சேர்த்து ஊடுருவும் கதிர்களையும் விடுகிறது என்பது அவர் எண்ணம். புகைப்படத் தகட்டைக் கறுப்புத் தாளில் சுற்றி, மேலே உப்பை வைத்து வெயிலில் காயவைத்தார். 1896 பிப்ரவரி கடைசியில் பாரிசில் வெயில் சரியாக வரவில்லை. எல்லாவற்றையும் மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டார். மார்ச் 1 அன்று, மங்கலாக ஏதாவது தெரிகிறதா பார்ப்போம் என்று தகட்டைக் கழுவினால், உப்பின் உருவம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. வெயிலும் இல்லை, ஒளிர்வும் இல்லை, கதிர் மட்டும் வந்திருக்கிறது. பிறகு ஒளிரவே ஒளிராத யுரேனியச் சேர்மங்களும் அதே வேலையைச் செய்ததைப் பார்த்தார்.

நடப்பது இதுதான். ஆட்டுனைட்டில் ஒரு யுரேனிய அணு இரண்டு ஆக்சிஜன் அணுக்களோடு சேர்ந்து யுரனைல் என்ற கூட்டாக இருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டதும் அந்தக் கூட்டின் எலக்ட்ரான்கள் ஆற்றலை வாங்கிக்கொண்டு, உடனே பச்சை ஒளியாகத் திருப்பிக் கொடுக்கின்றன. கதிரியக்கமோ அணுக்கருவின் சமாச்சாரம். விளக்கை அணைத்தாலும், கல்லைச் சூடாக்கினாலும், வேறு சேர்மமாக மாற்றினாலும் கருவுக்கு அதைப்பற்றிக் கவலையே இல்லை.

அதனால் ஒளிர்வை வைத்துக் கதிரியக்கத்தை முடிவு செய்தால் இரண்டு பக்கமும் அடி வாங்குவோம். வில்லமைட் என்ற துத்தநாகக் கனிமம் அருமையான பச்சையில் ஒளிரும். அதற்குக் காரணம் மாங்கனீஸ், யுரேனியமே கிடையாது. மறுபக்கம் டோர்பர்னைட். ஆட்டுனைட்டில் கால்சியம் இருக்கும் இடத்தில் இதில் செம்பு. மரகதப் பச்சையில் அதே மாதிரிச் சதுரத் தகடுகள். ஆனால் விளக்கைக் காட்டினால் பெரும்பாலும் மௌனம்தான், ஏனென்றால் செம்பு அந்த ஒளிர்வை விழுங்கிவிடுகிறது. யுரேனியத்தின் முக்கியத் தாதுவான பிட்ச்பிளெண்ட் வெறும் கறுப்புக் கல். ஒரு மினுக்கும் இல்லை. ‘ஒளிரவில்லை, அப்ப பயமில்லை’ என்று இவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்பவர்தான் என்னைப் பொறுத்தவரை பெரிய தவறு செய்பவர்.

இன்னொரு சினிமாத்தனமான நம்பிக்கை, யுரேனியக் கல் இருட்டில் தானாகவே பச்சையாக ஜொலிக்கும் என்பது. விளக்கு அணைந்தால் ஆட்டுனைட்டும் அணைந்துவிடும். இருட்டில் தானாக ஒளிர்ந்த பழைய கடிகார முட்கள் வேறு கதை. அங்கே ரேடியத்தின் கதிர்கள் துத்தநாக சல்பைடு பூச்சைத் தாக்கி ஒளிரவைத்தன.

சரி, அளந்து பார்த்துவிடலாம் என்று கைகர் கவுண்டரை எடுத்தாலும் சறுக்க இடம் இருக்கிறது. பிளாஸ்டிக் டப்பாவின் மூடிக்கு மேலே வைத்து அளந்தால் எண் குறைவாகத்தான் வரும், யுரேனியம் சிதையும்போது வெளிவரும் ஆல்பா துகள்களை ஒரு தாளே தடுத்துவிடும் என்பதால். டப்பாவைத் திறந்ததும் அவை வெளியே வரும். யுரேனியம் இவ்வளவு, அப்ப கதிரியக்கம் இவ்வளவு என்று கணக்குப் போடுவதும் சரிப்படாது. 1898-இல் மேரி கியூரி, பிட்ச்பிளெண்டும் டோர்பர்னைட்டும் தனி யுரேனியத்தைவிட அதிகக் கதிரியக்கம் காட்டுவதைக் கண்டார். அதே டோர்பர்னைட்டைச் சுத்தமான பொருள்களை வைத்துச் சோதனைக்கூடத்தில் தயாரித்தபோது அந்த உபரி காணவில்லை. அப்படியானால் இயற்கைக் கல்லுக்குள் வேறு ஏதோ இருக்கிறது. பொலோனியமும் ரேடியமும் அந்தச் சந்தேகத்திலிருந்துதான் வந்தன. யுரேனியம் சிதைந்து சிதைந்து உண்டாகும் இந்தச் சேய் தனிமங்கள் சேர்வதற்குக் காலம் பிடிக்கும். இளம் வயதுக் கனிமத்தில் அவை குறைவாகவே இருக்கும்.

கிடைக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு தப்பெண்ணம் உண்டு. மஞ்சள் பச்சைத் தகடு கண்ணில் பட்டால் கீழே பெரிய யுரேனியச் சுரங்கமே இருக்கிறது என்று கற்பனை ஓடும். ஆட்டுனைட் ஒரு இரண்டாம் நிலைக் கனிமம். மூலத் தாது காற்றும் நீரும் பட்டுச் சிதைந்து, யுரேனியம் தண்ணீரில் கரைந்து நகர்ந்து, பாஸ்பேட்டைச் சந்திக்கும் விரிசலில் படிகிறது. ஒரு தடயம், அவ்வளவுதான். பிரான்சின் ஓத்தன் நகருக்கு அருகே கிடைத்ததால் இந்தப் பெயர். இங்கிலாந்தின் கார்ன்வால், ஜெர்மனியின் சாக்சனி, போர்ச்சுகல் என்று கிரானைட் பகுதிகள் பலவற்றில் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள டேபிரேக் சுரங்கத்தின் தடித்த படிகங்களைச் சேகரிப்பாளர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள்.

வாங்கிய கல்லை வெயில் படும் கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதும் தவறுதான். இதன் படிகத்துக்குள் இருக்கும் தண்ணீர் உலர்ந்த காற்றிலேயே வெளியேறிவிடும். அப்புறம் அது ஆட்டுனைட் இல்லை, மெட்டா ஆட்டுனைட். பழைய சேகரிப்புகளில் ஆட்டுனைட் என்று சீட்டு ஒட்டியிருப்பவற்றில் பல இப்படி மாறியவைதான். ஒளிர்வு போய்விடாது, ஆனால் தகடுகள் மங்கி, நொறுங்கி உதிர ஆரம்பிக்கும்.

அந்த உதிர்வில்தான் உண்மையான ஆபத்து. ஆட்டுனைட் காக்காய்ப்பொன் மாதிரி ஏடு ஏடாகப் பிரியும். விரல் நகத்தாலேயே கீறிவிடலாம். தோலைத் தாண்ட முடியாத ஆல்பா துகள், தூசியாக மூக்கிலோ வாயிலோ போனால் உள்ளே உட்கார்ந்து வேலையைக் காட்டும். போதாததற்கு யுரேனியம் ஒரு கன உலோகம், சிறுநீரகத்துக்கு ஆகாது. ஆகவே இந்தக் கல்லை உரசிப் பார்ப்பது, உடைப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது எதுவும் வேண்டாம். புதுக் கல்லை நாக்கால் நக்கிப் பார்க்கும் பழக்கம் பாறை ஆர்வலர்கள் சிலருக்கு உண்டு. அதை இங்கே காட்ட வேண்டாம். ஈயப் பெட்டியில் வைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பதும் அரைகுறைப் பாதுகாப்புதான். கல் விடும் இன்னொரு வகையான, ஆழமாக ஊடுருவும் காமா கதிரை ஈயம் குறைக்கும். ஆனால் சிதைவில் பிறக்கும் ரேடான் வாயு, மூடிய பெட்டிக்குள் சேர்ந்து, திறக்கும்போது முகத்துக்கு நேரே வரும். ஒன்றிரண்டு சின்னக் கல் என்றால், படுக்கையறையிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில், மூடிய டப்பாவில் வைத்தால் போதும். பெட்டியையும் வெளிக்காற்றில் திறப்பது நல்லது.

கல்லை எடுத்துப் பார்த்து முடித்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, அறையை மறுபடி இருட்டாக்குங்கள். விளக்கை நேராகப் பார்க்காமல், மேசை, டப்பாவின் அடி, சட்டையின் கைமடிப்பு என்று மெதுவாக நகர்த்துங்கள். தாளும் துவைத்த துணியும் நீலமாக ஒளிரும், அதை விட்டுவிடலாம். நடுவே மஞ்சள் பச்சையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி தெரிந்தால், ஊதித் தள்ளாதீர்கள். ஈரத் தாளால் ஒற்றி எடுங்கள்.