கீழடிக்கும் எழும்பூருக்கும் போகுமுன்: அருங்காட்சியகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு வீட்டிலிருந்து கிளம்பும்போதே நடந்துவிடுகிறது. எல்லா அருங்காட்சியகங்களுக்கும் ஒரே கிழமையில் விடுமுறை கிடையாது. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். தேசிய விடுமுறை நாள்களிலும் திறக்காது. கீழடிக்கும், பழைய வீடுகளைக் காட்டும் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியூரிலிருந்து வந்து, பூட்டிய கேட்டின் முன் நிற்பது பெரிய ஏமாற்றம். முந்தின நாளே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைப்பது. எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. பல கட்டடங்களாகப் பரந்து கிடக்கிறது. காலையில் நுழைந்து ஒவ்வொரு கூடமாக ஓடினால், மதியத்துக்குள் கால் ஓய்ந்துவிடும், கண்ணும் ஓய்ந்துவிடும். செப்புத் திருமேனிகள், ஆந்திரத்து அமராவதியின் பௌத்தச் சிற்பங்கள் என இரண்டை மட்டும் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள். மற்றவை அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

செப்புத் திருமேனிகளை முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு நகர்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். பீடத்தைப் பாருங்கள்: துளைகளோ வளையங்களோ இருக்கும். வீதியுலாவின்போது சாமி அசையாமலிருக்கக் கழி செருகிக் கட்டும் இடம் அது. முகமும் தோளும் மழமழவென்று தேய்ந்திருந்தால், பல தலைமுறை அபிஷேகத்தின் அடையாளமாக இருக்கலாம். வழி இருந்தால் பின்பக்கம் போய், முதுகில் புரளும் சடையையும், தலைக்குப் பின்னாலுள்ள வட்டமான சிரச்சக்கரத்தையும் பாருங்கள். கோயிலில் பட்டும் பூமாலையும் மறைத்துவிடும் இந்த வேலைப்பாட்டை இங்கேதான் பார்க்க முடியும். ஒரே ஊரின் செல்வம் ஒரே இடத்தில் இருக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் எழும்பூரில் இருக்கிறார். அதே ஊர் ரிஷபவாகனர் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார்.

கீழடியில் அதிகம் காதில் விழும் தவறு, "இங்க இருக்கிறதெல்லாம் 2,600 வருஷத்துப் பொருள்" என்பது. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு உள்ளே போனால் பார்வையே மாறிவிடும். நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்தது. 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்குக் கி.மு. 205. ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள் ஏறத்தாழ 375 ஆண்டுகள் அடங்கிக் கிடக்கின்றன. அதனால் ஒரு பானையோட்டைப் பார்த்ததும் அது எந்தக் குழியில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்று விளக்க அட்டையில் தேடுங்கள். ஆழம் தெரியாவிட்டால் காலம் சொல்வது கடினம்.

இதே காரணத்தால்தான் அகழாய்வு நடந்த ஊர்களின் வயல்களிலும் தோப்புகளிலும் கிடக்கும் ஓட்டுச் சில்லை ஞாபகத்துக்கு என்று பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. இடத்தைவிட்டு எடுத்த நிமிடமே அது வெறும் ஓடு. மண்ணுக்குள்ளிருந்து காசோ நகையோ கிடைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்; மதிப்பு 10 ரூபாய்க்கு மேலிருந்தாலே இது பொருந்தும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

கறுப்பு-சிவப்புப் பானைகளைச் சாயம் பூசியவை என்று பலர் நினைக்கிறார்கள். பானையைக் கவிழ்த்துச் சுடும்போது, காற்றுப் புகாத உள்பக்கமும் வாய்ப்பகுதியும் கறுக்கும். காற்றுப் படும் வெளிப்பக்கம் சிவக்கும். நிறம் மாறும் கோட்டை வாய்விளிம்புக்குக் கீழே தேடிப் பாருங்கள். பானையில் கீறியிருப்பதெல்லாம் எழுத்து என்று எண்ணுவது இன்னொரு தவறு. குறியீடுகள் வேறு, தமிழின் பழைய எழுத்துவடிவமான தமிழி வேறு. 'ஆதன்' போன்ற பெயர்கள் தமிழியில் இருக்கின்றன. குறியீடுகளுக்கு இன்னும் உறுதியான பொருள் சொல்லப்படவில்லை. கீழடிக்குப் பக்கத்து ஊரான கொந்தகையின் தாழிகளின் முன் செல்ஃபி வேண்டாம். அவை மனிதர்களைப் புதைத்த இடத்திலிருந்து வந்தவை.

படம் எடுக்க அனுமதி இருக்கிறதா, தனிக் கட்டணம் உண்டா என்று வாசலிலேயே கேளுங்கள். அனுமதி இருந்தாலும் ஃபிளாஷ் கூடாது. துணி, ஓலைச்சுவடி, ஓவியம் ஆகியவற்றில் ஒளியால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். வெளுத்த நிறம் திரும்பாது. கண்ணாடிப் பெட்டிக்கு நேரே நின்று ஃபிளாஷ் அடித்தால் படத்திலும் வெள்ளைப் பொட்டுதான் விழும். போனைக் கண்ணாடிக்கு மிக அருகில், சற்றுச் சாய்த்துப் பிடித்தால் பிரதிபலிப்பு குறையும். தொட்டுப் பார்ப்பது அதைவிட மோசம். விரல் வியர்வையிலுள்ள உப்பு வெண்கலத்தில் பச்சைப் பொடியாகப் பூக்கும் அரிப்பைத் தூண்டும். சுடுமண் கை எண்ணெயை உறிஞ்சிக் கறை பிடிக்கும்.

தட்சிணசித்ரா திறந்தவெளி. சுமார் 10 ஏக்கர். சித்திரை வெயிலில் நண்பகலில் போனால் வீடுகளைப் பார்க்க மனம் வராது, நிழலைத்தான் தேடுவீர்கள். திறந்ததும் போய்விடுங்கள், எளிதில் கழற்றும் செருப்பு போதும். இங்குள்ள பல வீடுகள் சொந்த ஊரில் பிரிக்கப்பட்டு, இங்கே கொண்டுவந்து திரும்பக் கட்டப்பட்டவை. திண்ணையில் உட்கார்ந்து படம் பிடித்ததும் திரும்பாமல் முற்றம், அடுக்களை, கொல்லைப்பக்கம் வரை போங்கள். யார் எதுவரை வரலாம், பெண்கள் எங்கே உழைத்தார்கள், தானியம் எங்கே இருந்தது என்பதெல்லாம் அறைகளின் வரிசையிலேயே தெரியும்.

பாட்டி தாத்தாவை "கால் வலிக்கும்" என்று வீட்டில் விட்டுப் போவதும் தவறுதான். உள்ளூர்ப் பொருள்களுக்கு அவர்களைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. ஆழாக்கு, உழக்கு, உரி, படி எனப் பழைய முகத்தல் அளவைகளை வரிசையாக வைத்திருப்பதைக் குழந்தை வெறும் பாத்திரங்களாகப் பார்க்கும். 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி, 8 படி 1 மரக்கால் என்று பாட்டி விரல்விட்டுச் சொன்னால் அந்த அளவுகள் குழந்தைக்குப் பழகிவிடும். விளக்க அட்டைகளை நோட்டில் எழுதிவரச் சொல்வதற்குப் பதில், ஒரே ஒரு பொருளை வரைந்து வரச் சொல்லுங்கள்.

பார்த்துவிட்டு வந்த வேகத்தில் சிலர் பரணிலுள்ள பித்தளை அண்டாவையும் செம்புக் குடத்தையும் ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க நினைப்பார்கள். நல்ல எண்ணம். ஆனால் கொடுக்குமுன் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள். விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் அதில் மழுங்கும். சீர்ப் பாத்திரங்களில் பெயரும் தலைப்பெழுத்தும் வெட்டியிருந்தால், யார் வீட்டுப் பெண், எந்தக் குடும்பம் என்பதற்குப் பல நேரம் அதுவே சாட்சி. உலர்ந்த பருத்தித் துணியால் தூசியை மட்டும் தட்டுங்கள். ஒரு தாளில் பொருளின் பெயர், யாருடையது, எந்த ஊர், எதற்குப் பயன்பட்டது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எழுதி, அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.