பஸ் தடம் மாறப் போகிறதா? எடுபடுகிற மனு எழுதும் முறை

வேலூரில் ஒரு டவுன் பஸ்ஸின் தடம் மாறப் போகிறது என்று தெரிந்தால் தெருவில் முதலில் கிளம்புவது கையெழுத்துத் தாள். 'எங்கள் பகுதிக்குப் பேருந்து வசதி வேண்டும்' என்று ஒரு வரி, அதன் கீழே நானூறு கையெழுத்து. இப்படிப் போகிற மனு பெரும்பாலும் கோப்பிலேயே படுத்துவிடும். அதைப் படிக்கிற அலுவலர் கையில் இருப்பது ஒரு வண்டி, ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர், எட்டு மணி நேர வேலை. எந்த நடையை, அதாவது வண்டியின் எந்த ஓட்டத்தை, உங்கள் பக்கம் திருப்பினால் அந்த எட்டு மணி நேரத்துக்குள் அடங்கும் என்று சொல்கிற மனுவை வைத்துத்தான் அவர் ஏதாவது செய்ய முடியும். அந்த மனுவை எழுதுவது கடினமில்லை. மூன்று நாள் வேலை, நாலைந்து பேர், ஒரு நோட்டு போதும்.

மாற்றுவது யார் என்று பாருங்கள்

அரசுப் போக்குவரத்துக் கழகம் தன் வண்டிகளின் நேரத்தையும் நடையையும் மாற்றும்போது பெரும்பாலும் அரசிதழ் அறிவிப்பு எதுவும் வராது. டிப்போ நோட்டீஸ் போர்டு, டைம் கீப்பர், செய்தித்தாளில் ஒரு பத்தி, இவ்வளவுதான். இதற்கு மனு போக வேண்டிய இடம் அந்த டிப்போவின் கிளை மேலாளர், அவருக்கு மேலே விழுப்புரம் கோட்டத்தின் வேலூர் மண்டலப் பொது மேலாளர்.

தனியார் பஸ்ஸின் பர்மிட்டில் வழியை மாற்றுவது வேறு கணக்கு. அது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 80-வது பிரிவில் வருகிறது. வட்டாரப் போக்குவரத்து ஆணையம்தான் முடிவு செய்யும். நம் மாநிலத்தில் அந்த ஆணையம் என்பது மாவட்ட ஆட்சியர். ஆகவே மனு சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்கு, நகல் ஆர்.டி.ஓ.வுக்கு.

மூன்றாவது வகை, அரசே ஒரு பகுதிக்கான தடத் திட்டத்தை வரைவாக வெளியிடுவது. 99-வது பிரிவின்படி அது அரசிதழிலும், அந்தப் பகுதியில் ஓடுகிற மாநில மொழிப் பத்திரிகை ஒன்றிலாவது வர வேண்டும். 100-வது பிரிவின்படி, அரசிதழில் வெளியான நாளிலிருந்து 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் மாநில அரசுக்கு ஆட்சேபம் எழுதலாம். சொல்ல வந்தவர்களை நேரில் கேட்காமல் அரசு முடிவெடுக்க முடியாது. 30 நாள் என்பது பத்திரிகையை நீங்கள் பார்த்த நாளிலிருந்து அல்ல, அரசிதழில் வெளியான நாளிலிருந்து. பலர் தவறவிடுவது இங்கேதான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுக்கொண்டு பிறகு எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மனு போட்டால் பதில் தர அவர்களுக்கும் 30 நாள் அவகாசம் உண்டு. பதில் வரும்போது ஆட்சேபத் தேதி முடிந்திருக்கும். தகவல் கேட்கும் மனுவை முதல் நாளே போட்டுவிட்டு, உங்கள் கணக்கெடுப்பை மறுநாளே தொடங்குங்கள். கேட்க வேண்டியவை: அந்தத் தடத்தில் இப்போது ஓடுகிற வண்டிகள், ஒவ்வொன்றின் நேர அட்டவணை, கடந்த மூன்று மாதத்தில் ரத்தான நடைகள். வசூல் விவரம் கேட்டால் வணிக ரகசியம் என்று மறுக்க இடம் உண்டு. ரத்தான நடைக்கு அப்படிச் சொல்வது கடினம். 'கூட்டமில்லை, அதனால் மாற்றுகிறோம்' என்று கழகம் சொன்னால், வண்டி வராததால்தான் கூட்டமில்லை என்று காட்ட உதவுவது இந்த ஒரு தாள்தான்.

நிறுத்தத்தில் எண்ணுவது

மூன்று நாள் எடுங்கள்: ஒரு திங்கள், வாரத்தின் நடுவில் ஒரு நாள், ஒரு சனி. முகூர்த்த நாள், பள்ளி விடுமுறை, தேர்வு நாள் வேண்டாம். அன்றைய எண்ணிக்கையை ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார்கள். நேரம் காலை 6.30 முதல் 9.30 வரை, மாலை 3.30 முதல் 8 வரை. ஒரு நிறுத்தத்துக்கு இரண்டு பேர், முன் படிக்கு ஒருவர், பின் படிக்கு ஒருவர். ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் பின் படியில் இறங்குகிறவர்கள் விட்டுப்போவார்கள்.

தாளில் ஒரு வரி இப்படி இருக்கட்டும்:

'காலை 7.48. தடம் எண் 2. பாகாயத்திலிருந்து காட்பாடி. ஏறியவர் 19, இறங்கியவர் 4. ஏற முடியாமல் நின்றவர் 11. அதில் பள்ளிப் பிள்ளைகள் 8. அடுத்த வண்டி 8.09.'

இதில் அதிகம் பேசுவது நின்றுபோனவர்களின் எண்ணிக்கை. ஏறியவர்கள் டிக்கெட் கருவியிலேயே இருக்கிறார்கள். நின்றுபோனவர்கள் கழகத்தின் எந்தக் கணக்கிலும் இல்லை. அடுத்த வண்டி வந்த நேரத்தையும் விடாதீர்கள். காத்திருந்தது எத்தனை நிமிடம் என்று அதிலிருந்துதான் தெரியும்.

காட்பாடி ஜங்ஷனிலிருந்து சி.எம்.சி. மருத்துவமனை வழியாகப் பாகாயம் போகிற 1, 2 எண் பஸ்களைப் பற்றிய மனு என்றால் இன்னொன்றும் செய்ய வேண்டும். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து ரயிலில் வந்திறங்கி மருத்துவமனைக்குப் போகிற நோயாளிகள் உங்கள் மனுவில் கையெழுத்துப் போட மாட்டார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கும் வர மாட்டார்கள். மூட்டை முடிச்சோடு நிற்கிற அவர்களைத் தனியாக எண்ணுங்கள். தடம் மாறினால் ஆட்டோவுக்குக் கொடுக்கப் போவது அவர்கள்தான். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைப் பக்கம் என்றால் இரவு 7 மணிக்குப் பிறகு ஊர் திரும்புகிறவர்களை எண்ணுங்கள். பகலில் அங்கே போக வண்டி கிடைத்துவிடும், திரும்பத்தான் சிரமம்.

வண்டியின் கணக்கு

உங்கள் கோரிக்கை கூடுதல் பஸ் கேட்காததாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு சுற்று, அதாவது போய்வர, ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சுற்றுக்கு ஏழரை மணி நேரம். உங்கள் தெருவுக்குள் வந்து போக ஒரு பக்கம் 2.5 கிலோமீட்டர் கூடும் என்றால் சுற்றுக்கு 5 கிலோமீட்டர். டவுன் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் சுற்றுக்குக் கால் மணி நேரம். ஐந்து சுற்றையும் திருப்பச் சொன்னால் 75 நிமிடம் கூடி எட்டே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். டிரைவர், கண்டக்டருக்கு வேலை பொதுவாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான். மிச்சம் பிடிக்க ஒரு சுற்றை வெட்டுவார்கள். வெட்டுப்படும் சுற்றில் போகிறவர்கள் உங்களுக்கு எதிராக மனு எழுதுவார்கள்.

அதே இடத்தில், காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று மட்டும் திருப்பச் சொல்லுங்கள். கூடுவது 30 நிமிடம். மொத்தம் சரியாக எட்டு மணி நேரம். காலை, மாலை இரண்டும் ஒரே டூட்டியில் வருமா என்றும் பாருங்கள். வேலை தொடங்கி முடியும் வரை, ஓய்வையும் சேர்த்து, பொதுவாக 12 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். காலை 6 மணி நடையையும் இரவு 7 மணி நடையையும் ஒரே ஷெட்யூலில் கேட்டால் முடியாது என்றே பதில் வரும்.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு இருக்கிறது. 'டவுன் பஸ்ஸுக்குப் பதில் அந்த வழியாகப் போகிற புறநகர் பஸ் நிற்கும்' என்று சமாதானம் சொன்னால், அதில் டிக்கெட் வாங்க வேண்டுமா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். தினமும் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு மாதக் கடைசியில் அது ஒரு வார மளிகை. பள்ளிப் பிள்ளைகளின் பாஸும் அப்படித்தான்: எங்கிருந்து எதுவரை என்று அதில் இருக்கும். நடுவில் வண்டி மாறும்படி தடத்தை உடைத்தால் இரண்டாவது வண்டிக்கும் பாஸ் செல்லுமா என்று முன்பே கேளுங்கள்.

மனுவும் கூட்டமும்

மனு ஒரு பக்கம், எண்ணிக்கைத் தாள் இணைப்பு. கோரிக்கை முதல் வரியிலேயே வரட்டும்:

'தடம் எண் ___, காலை 7.40 நடையையும் மாலை 4.30 நடையையும் மட்டும் ___ தெரு வழியாக இயக்க வேண்டும். மற்ற நடைகளில் மாற்றம் கோரவில்லை.'

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பிற நிறுத்தத்துக்காரர்களின் அச்சத்தைக் குறைப்பது அதுதான். அடுத்தடுத்த இரண்டு நகர்கள் முரண்பட்ட மனு கொடுத்தால் பழைய நிலையே தொடரட்டும் என்று முடித்துவிடுவார்கள். விருதம்பட்டுக்காரர்களும் காந்தி நகர்க்காரர்களும் ஒரே வண்டியைக் கேட்கிறார்கள் என்றால், கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்பே உட்கார்ந்து யாருக்கு எந்த நடை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து எத்தனை என்பதைவிட ஒவ்வொன்றோடும் முகவரி, ஏறும் நிறுத்தம், ஏறும் நேரம் இருக்கிறதா என்பது முக்கியம். அப்படி நாற்பது பேர் போதும். ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபையில் தீர்மானமாகப் போட்டு நகலை இணையுங்கள். மாநகராட்சி வார்டு என்றால் கவுன்சிலரின் கடிதம். திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் ஆட்சியரிடம் கொடுத்தால் மனு எண்ணோடு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். பொது மேலாளருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். எம்.எல்.ஏ.விடம் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது போதாது. அவர் அனுப்புவது சிபாரிசு, உங்கள் ஆட்சேபம் தனியாகப் பதிவாக வேண்டும்.

கூட்டத்தில் இரண்டு, மூன்று நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. ஒருவர் எண்ணிக்கையைச் சொல்லட்டும், இன்னொருவர் மாற்று யோசனையை. தெருவின் அகலத்தை டேப் வைத்து அளந்து, பஸ் திரும்புகிற முனையில் மின்கம்பம் எங்கே இருக்கிறது என்று படம் எடுத்துப் போங்கள். 'வண்டி திரும்ப இடமில்லை' என்ற பதில் எப்படியும் வரும். எழுந்து வருமுன், நீங்கள் பேசியது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று கேளுங்கள்.

மாற்றம் நடைமுறைக்கு வந்த நாலாவது வாரம், அதே நிறுத்தத்தில், அதே நேரத்தில், அதே தாளோடு மறுபடி எண்ணுங்கள். நின்றுபோகிறவர்கள் கூடியிருந்தால் இரண்டு தாள்களையும் சேர்த்துப் பின் குத்தி, பழைய மனு எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள்.