தெருவிலிருந்து வீட்டுக்கு: வீடற்றோருக்கு உதவ விரும்பும் வழிபாட்டுச் சமூகங்களுக்கு ஒரு வழிகாட்டி

கோயில், தேவாலயம், பள்ளிவாசல், குருத்வாரா எதைச் சார்ந்தவர்களாக இருந்தாலும், தெருவில் வாழ்பவர்களுக்கு உதவ ஒரு குழு கூடினால் முதலில் எழும் யோசனை பெரும்பாலும் உணவு வழங்குவதாகவே இருக்கும். பசித்தவருக்கு உணவளிப்பது எல்லாச் சமயங்களும் வலியுறுத்தும் கடமை என்பதால் அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் உணவு ஒருவருக்கு அன்றைய பொழுதைக் கடக்கத்தான் உதவும். அவர் ஒரு வீட்டுக்குள் சென்று அங்கேயே நிலைத்திருக்க வேண்டுமென்றால், பல மாதங்கள் அவருடன் கூடவே வரும் மனிதர்கள் தேவை. வாரந்தோறும் தவறாமல் கூடிப் பழகிய ஒரு வழிபாட்டுச் சமூகத்தால் வேறு எவரையும்விட இதை நன்றாகச் செய்ய முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடங்குவதற்கு முன் உங்கள் பகுதியில் ஏற்கெனவே யார் என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். இரவுத் தங்குமிடங்கள், மனநலச் சேவைகள், போதை மீட்பு மையங்கள், வாடகை உதவி தரும் துறைகள் ஆகியவற்றில் பணிபுரிபவர்களை நேரில் சந்தித்து, எந்த வேலைக்கு ஆள் இல்லை என்று கேளுங்கள். பல குழுக்கள் ஒரே நாளில் ஒரே இடத்தில் உணவுப் பொட்டலங்களைக் குவிப்பதும், மருத்துவமனைக்குத் துணையாகச் செல்ல ஒருவர்கூடக் கிடைக்காததும் அடிக்கடி நடப்பவை.

அடுத்ததாக, குழுவுக்குள் ஒரு கொள்கை முடிவை எடுக்க வேண்டும். முதலில் குடியை விட வேண்டும், சிகிச்சை பெற வேண்டும், ஒழுங்காக வாழ்ந்து காட்ட வேண்டும், அதன் பிறகுதான் வீடு என்பது நெடுங்காலமாக இருந்துவந்த முறை. 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிய அமைப்பு இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றி, எந்த முன்நிபந்தனையும் இன்றி நிரந்தர வீட்டை முதலில் கொடுத்து, சிகிச்சையையும் மற்ற உதவிகளையும் அதன்பின் அவரவர் விருப்பப்படி வழங்கியது. பின்லாந்து 2008 முதல் இதைத் தேசியத் திட்டமாக ஏற்று, பழைய தங்குமிடங்கள் பலவற்றை முறையான வாடகை ஒப்பந்தம் உள்ள குடியிருப்புகளாக மாற்றியது. கனடாவின் ஐந்து நகரங்களில், மனநலப் பிரச்சினை உள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடற்றோரிடையே நடத்தப்பட்ட ஆய்விலும், இம்முறையில் உதவி பெற்றவர்கள் வழக்கமான சேவைகளைப் பெற்றவர்களைவிட மிக அதிக காலம் வீட்டில் நிலைத்திருந்தது தெரியவந்தது. மனம் திருந்துதலைப் பெரிதாக மதிக்கும் நம்பிக்கையாளர்களுக்கு இது எளிதான பாடமன்று. எனினும், மனம் மாறுவதற்கும் ஒரு கதவும் ஒரு பூட்டும் அச்சமின்றி உறங்க ஓர் இரவும் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்ட பிறகே களத்தில் இறங்குங்கள்.

சமயப் பரப்புரை பற்றியும் அப்போதே தெளிவாக முடிவெடுங்கள். செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் பேரிடர் நிவாரணத்துக்காக 1994-இல் வகுத்த நடத்தை விதிகள், ஒரு குறிப்பிட்ட சமய நிலைப்பாட்டை வளர்க்க உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்று கூறுகின்றன. இங்கும் அதே நெறி பொருந்தும். உணவுக்கு முன் கட்டாயப் பிரார்த்தனையோ, உதவியோடு துண்டுப் பிரசுரமோ வேண்டாம். ஒருவர் தாமாகவே “எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்” என்று கேட்டால் மனமுவந்து செய்யுங்கள். வேறு சமயத்தைச் சேர்ந்தவர் தம் வழிபாட்டிடத்துக்குச் செல்ல விரும்பினால் அங்கே அழைத்துச் செல்வதும் உங்கள் தொண்டே.

முதல் சந்திப்புகள்

இருவர் இருவராக, ஒவ்வொரு வாரமும் அதே நாளில், அதே நேரத்தில், அதே ஆட்களே செல்லுங்கள். பலமுறை ஏமாற்றப்பட்ட ஒருவரிடம் நம்பிக்கையை உண்டாக்குவது சொன்ன நேரத்தில் தவறாமல் வந்து நிற்பதுதான். உறங்குபவரை எழுப்பாதீர்கள். அவருடைய போர்வைக்கும் பைகளுக்கும் அருகே செல்லும்போது பிறர் வீட்டு வாசலில் நிற்பதைப் போல அனுமதி கேளுங்கள். நின்றபடி குனிந்து பேசாமல், அவர் சம்மதித்தால் அருகில் அமர்ந்து பேசுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி அவர் பெயரைக் கேட்டு, அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லியே அழையுங்கள். எப்படி இந்த நிலைக்கு வந்தீர்கள் என்ற கேள்வியைத் தவிருங்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது அவரே சொல்வார். புகைப்படம் எடுக்கவே கூடாது. கொடையாளர்களுக்குக் காட்டுவதற்காக ஒருவரின் துயரத்தைப் படமெடுப்பது, அவர் ஒப்புக்கொண்டாலும் சரியன்று, ஏனெனில் உதவியை எதிர்பார்த்திருப்பவரால் மறுப்பைச் சுதந்திரமாகச் சொல்ல முடியாது.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், வீடு என்று உடனே பதில் வராமல் போகலாம். காலில் உள்ள புண், தொலைந்துபோன கண்ணாடி, பல ஆண்டுகளாகப் பேசாத மகள் என்று அது வேறொன்றாக இருக்கலாம். அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஆவணங்களும் அலுவலகங்களும்

வீட்டுக்குச் செல்லும் வழியில் பெரும்பாலானோர் தடுக்கி நிற்கும் இடம் இதுதான். அடையாளச் சான்று இல்லாமல் வங்கிக் கணக்கு, உதவித்தொகை, வாடகை ஒப்பந்தம் என எதுவும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அந்தச் சான்றுக்கு விண்ணப்பிக்கவோ முகவரி கேட்பார்கள். சட்டம் இடமளிக்கும் இடங்களில் உங்கள் வழிபாட்டு இடத்தின் அலுவலகத்தையே அவருடைய கடிதங்கள் வந்துசேரும் முகவரியாகத் தரலாம். செலவே இல்லாத இந்த உதவி பல மாத அலைச்சலைக் குறைக்கும். மூல ஆவணங்களை அவரிடமே விட்டு, நகல்களை மட்டும் அவர் சம்மதத்துடன் பூட்டிய இடத்தில் பாதுகாத்து வையுங்கள். அலுவலகத்துக்குத் துணையாகச் செல்லும்போது அவருக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். உடன் ஒருவர் அமைதியாக அமர்ந்திருந்தாலே எதிரில் இருப்பவரின் தொனி மாறிவிடும்.

சில சூழல்களுக்குத் தேர்ந்தவர்களின் உதவி கட்டாயம் தேவை. பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே “இன்றே விட்டுவிடுங்கள்” என்று அறிவுரை கூறாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இல்லாத குரல்களைக் கேட்பவரிடம் வாதாட வேண்டாம், அது தீய ஆவியின் வேலை என்றும் சொல்ல வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் அவரைத் தனியே விடாமல் அவசர உதவியை நாடுங்கள்.

சாவி கைக்கு வந்த பிறகு

முன்பணமும் அறைகலன்களும் திரட்டுவது வழிபாட்டுச் சமூகங்களுக்குக் கடினமன்று. பாய், அடுப்பு, பாத்திரம், விளக்கு ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவருக்கே கொடுங்கள். பிறர் கழித்துப்போட்ட பொருள்களால் நிரம்பிய அறை அவருக்குத் தன் வீடாகத் தோன்றாது.

பலரும் எதிர்பார்க்காத சிக்கல் தனிமை. தெருவில் சத்தமும் கூட்டமும் துணையாக இருந்தன. நான்கு சுவர்களுக்குள் முதல் சில வாரங்கள் தாங்க முடியாதவையாக இருக்கலாம். சிலர் தரையில்தான் படுப்பார்கள், சிலர் பழைய இடத்துக்கே திரும்பிப் போய் இரவைக் கழிப்பார்கள். இதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். நியூயார்க்கில் உருவான ஒரு துணைநிற்கும் முறை, இந்த மாற்றக் காலத்தை ஒன்பது மாதங்களாகக் கணக்கிட்டு மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது: முதலில் நெருக்கமான துணை, பிறகு அவர் தாமே சமாளிக்கிறாரா என்று பார்த்தல், இறுதியில் அண்டை அயலாரிடமும் சேவைகளிடமும் அவரை ஒப்படைத்துப் படிப்படியாக விலகுதல். உங்கள் குழுவும் குறைந்தது அவ்வளவு காலத்துக்குத் திட்டமிட வேண்டும். 1833-இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானமும் நண்பர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளை அவர்கள் வீட்டுக்கே சென்று சந்திப்பதைத் தன் அடிப்படைப் பணியாக்கியது. வீடு கிடைத்த ஒருவரைப் பார்க்கச் செல்வதற்கும் அதுவே ஏற்ற முறை. இருவராக, முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செல்லுங்கள். உள்ளே அழைப்பதா என்பதை அவர் தீர்மானிக்கட்டும். பணம் கடன் கொடுக்காதீர்கள், அவருடைய வங்கி அட்டையைக் கையாளாதீர்கள், அவர் சொன்னவற்றைப் பிரார்த்தனைக் கூட்டத்தில்கூடப் பிறரிடம் பகிராதீர்கள். ஒரே தொண்டர் எல்லாச் சுமையையும் தாங்காதபடி ஒருவருக்கு நான்கைந்து பேர் பொறுப்பேற்பது நல்லது.

ஆண்டு முடிவில் எத்தனை பொட்டலங்கள் வழங்கினோம் என்பதைவிட, வீடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அதே வீட்டில் இருக்கிறார்கள் என்பதைக் கணக்கெடுங்கள். அந்தக் கணக்கைப் பரிசீலிக்கும் கூட்டத்தில், முன்பு தெருவில் வாழ்ந்தவர்களுக்கும் வாக்குரிமையுடன் இடம் கொடுத்து, அவர்களுடைய நேரத்துக்கு உரிய ஊதியத்தையும் வழங்குங்கள்.