குவாதலூப்பில் மெமோரியல் ஆக்ட் மியூசியம் பார்க்கப் போகிறீர்களா?

முதலில் விசா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏர்போர்ட்டில் போய் நின்றுகொண்டு தெரிந்துகொள்கிற சங்கதி இல்லை இது. குவாதலூப் கரீபியன் கடலில் இருந்தாலும் பிரான்ஸின் ஒரு பகுதி, அங்கே புழங்குவதும் யூரோதான், ஆனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்குள் அது வராது. பாரிஸுக்கு வாங்கிய விசாவை வைத்துக்கொண்டு அப்படியே தாண்டிப் போய்விடலாம் என்று இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் நினைக்க வேண்டாம்; விண்ணப்பிக்கும்போதே குவாதலூப்பையும் குறிப்பிட்டு, அதற்குச் செல்லுபடியாகும் விசாவையும் சேர்த்துக் கேளுங்கள். அப்புறம் இன்னொன்று. இந்தியாவிலிருந்து போகும் விமானம் இறங்குவது சார்ல் து கோல் விமான நிலையத்தில், குவாதலூப் விமானங்களில் பெரும்பாலானவை கிளம்புவது ஓர்லியிலிருந்து. ஒன்று பாரிஸுக்கு வடக்கே, மற்றது தெற்கே. நடுவில் தாராளமாக நேரம் விடுங்கள், முடிந்தால் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள்.

சரி, மியூசியத்துக்கு வருவோம். புவான்தாபித்ர் நகரத்துக் கடலோரத்தில், முன்பு தர்புசியே சர்க்கரை ஆலை இருந்த இடத்தில், 2015-இல் திறக்கப்பட்டது மெமோரியல் ஆக்ட். அடிமை வணிகத்தின், அடிமை முறையின் வரலாற்றைச் சொல்வதற்கென்றே கட்டியது. வரலாற்றுப் பொருட்களுக்கு நடுவிலேயே இன்றைய ஓவியர்கள், சிற்பிகளின் படைப்புகளையும் வைத்திருக்கிறார்கள் என்பதால், கலைக்கூடம் பார்க்கப் போகிறவர்களுக்கும் வரலாறு பார்க்கப் போகிறவர்களுக்கும் இது ஒரே இடம்.

வந்ததும் டிக்கெட் கவுண்டருக்கு ஓடாதீர்கள். வெளியே கொஞ்ச நேரம் நின்று கட்டடத்தைப் பாருங்கள். கறுப்புக் கிரானைட் சுவரில் குவார்ட்ஸ் துணுக்குகள் பதித்திருக்கும், வெயில் பட்டால் மினுங்கும். அடிமை முறையில் மாண்டுபோனவர்களின் நினைவு அது. அதற்கு மேலே வெள்ளி நிறத்தில் பின்னிப் பின்னிப் போகிற வலை, இடிந்த சுவர்களைக் கவ்விப் படரும் ஒரு அத்தி இனத்து மரத்தின் வேர்கள். உருவகம் கொஞ்சம் ஓவர் என்று தோன்றினால், இதே தீவில் பெத்தி கனால் என்ற ஊருக்குப் போய் அங்கே இருக்கும் பழைய சிறைச்சாலையைப் பாருங்கள். கம்பி ஜன்னலையும் சுவரையும் அந்த மரம் நிஜமாகவே விழுங்கி வைத்திருக்கிறது.

உள்ளே நிரந்தரக் கண்காட்சி ஆறு பகுதிகளாகப் போகிறது. அமெரிக்கக் கண்டத்துக்கு ஐரோப்பியர்கள் வந்த காலத்தில் ஆரம்பித்து இன்றைக்கு வரை வரிசையாக வரும். இதை முழுசாகப் பார்க்க அரை நாள் வேண்டும், ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் பீச்சுக்குப் போகலாம் என்ற திட்டம் பலிக்காது. நம்மில் பலர் செய்வது என்னவென்றால், முதல் இரண்டு பகுதிகளில் ஒவ்வொரு பலகையாக நின்று படித்துவிட்டு, அப்புறம் கால் வலித்து, கடைசிப் பகுதிகளை நடந்தபடியே தாண்டிவிடுவது. தமிழ் வாசகர்கள் மட்டுமாவது இதைச் செய்யாதீர்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஆடியோ கைடு ஆங்கிலத்திலும் உண்டு, கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள், பிரெஞ்சு தெரியாமல் அது இல்லாமல் சுற்றுவது வீண். படம் எடுக்கலாமா கூடாதா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

போவதற்கு முன்னால் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் உள்ளே கிடைப்பது இரண்டு மடங்காகும். பெரிய புத்தகம் எல்லாம் வேண்டாம், அடிமைகளை எப்படி நடத்துவது என்று 1685-இல் பிரெஞ்சு அரசர் பிறப்பித்த கறுப்புச் சட்டத்தின் (கோட் நுவார்) சில பிரிவுகள் போதும். அடிமை என்பவர் அசையும் சொத்து என்கிறது ஒரு பிரிவு, மேஜை நாற்காலி போல. தப்பி ஓடி ஒரு மாதம் ஆகிவிட்டால் இரண்டு காதுகளையும் அறுத்து, தோளில் பிரெஞ்சு அரசச் சின்னமான லில்லிப் பூ முத்திரையைச் சுட வேண்டும். இரண்டாம் முறை ஓடினால் பின்தொடைத் தசைநாணை வெட்டி அடுத்த தோளிலும் சூடு. மூன்றாம் முறை மரணம். இதைப் படித்துவிட்டு ஒரு விலங்கையோ சூட்டுக்கோலையோ பார்ப்பதும், படிக்காமல் பார்ப்பதும் ஒன்றல்ல.

இன்னும் மூன்று ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1794-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அடிமை முறையை ஒழித்தது, 1802-இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். விடுதலை ஆனவர்களை மறுபடி அடிமையாக்குவது! இதை எதிர்த்துப் போராடிய ராணுவ அதிகாரி லூயி தெல்கிரேஸ், சரணடைய மறுத்து, தன்னோடு இருந்தவர்களுடன் மத்துபா என்ற இடத்தில் வெடிமருந்துக்குத் தீ வைத்து மாண்டார். குவாதலூப்பில் அடிமை முறை கடைசியாக ஒழிந்தது 1848 மே 27-இல். அந்த நாள் இன்றும் அங்கே பொது விடுமுறை, அதனால் அன்றைக்கு மியூசியம் திறந்திருக்குமா என்று பார்த்துவிட்டுத் தேதி போடுங்கள்.

கலைப் படைப்புகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், மற்றதை நீங்களே கண்டுபிடியுங்கள். கேமரூனில் பிறந்த பஸ்கல் மார்தின் தாயு செய்த 'மறதி மரம்'. இன்றைய பெனின் நாட்டில் வீதா துறைமுகத்தில், கப்பலேற்றும் முன் கைதிகளை ஒரு மரத்தைச் சுற்றி வரச் செய்தார்கள், ஆண்கள் ஒன்பது சுற்று, பெண்கள் ஏழு சுற்று, ஊர் பேர் குலம் எல்லாம் மறந்துபோகட்டும் என்று; அப்படித்தான் அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். இந்தக் கதை தெரியாமல் போனால் 'என்னவோ மரம்' என்று நகர்ந்துவிடுவீர்கள்.

கடைசிப் பகுதிகளைத் தாண்டிவிடாதீர்கள் என்றேனே, இதோ அதன் காரணம். அடிமைகள் விடுதலையானதும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே, தோட்ட முதலாளிகள் எங்கே போனார்கள்? பாண்டிச்சேரிக்கும் காரைக்காலுக்கும். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆள் பிடித்தார்கள். 1854 டிசம்பர் 24-இல் 'ஒரேலி' என்ற கப்பல் குவாதலூப்பில் முதல் கூட்டத்தை இறக்கியது, அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேல் போனார்கள், அவர்களில் தமிழர்கள் ஏராளம். கண்காட்சியில் அடிமை ஒழிப்புக்குப் பிந்தைய காலத்துக்கு வரும்போது இதை மனதில் வைத்துப் பாருங்கள், அங்கே நிற்கத்தான் கால்களில் தெம்பு மிச்சம் வேண்டும். அங்கேயே பிறந்தும் இந்தியர்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டபோது, 1904-இல் தொடங்கி 1923 வரை வழக்காடி அதை வாங்கிக் கொடுத்தவர் ஆன்ரி சிதம்பரம்.

கண்காட்சி முடிந்ததும் உயரமான நடைபாலம் வழியாகப் பக்கத்துக் குன்றிலுள்ள தோட்டத்துக்குப் போகலாம். நல்ல காற்று, கடல் தெரியும், உள்ளே பார்த்ததற்குப் பிறகு அது தேவைப்படும். மத்தியான வெயிலில் மட்டும் வேண்டாம்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் கப்பெஸ்தேர் பெல்லோ என்ற ஊருக்குப் போய், இந்தத் தமிழர்களின் வழிவந்தவர்கள் கும்பிடும் சாங்ஜி என்ற இந்துக் கோயிலைப் பாருங்கள். நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது, வண்ண வண்ணச் சிலைகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். அங்கே கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் பேசுவது பிரெஞ்சும், பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோலும், 'தமிழ் தெரியாதா' என்று ஆச்சரியப்பட்டுக் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். பூஜை நடந்தால் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பஸ்ஸை நம்ப வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ரொம்பக் குறைவு, வாடகைக் கார்தான் சரி. சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை ஊரிலேயே எடுத்துவிடுங்கள், அங்கே வண்டி ஓட்டுவது சாலையின் வலது பக்கம்.